"கரண்ட்டு எங்கக்கா போச்சு?"

எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் பதினோரு பேர் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி இருக்கும். ட்யூப் லைட் படக்கென்று அணைந்தது. ஃபேன் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. "போச்சுடா கரண்ட்டு" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "கரண்ட்டு எங்கக்கா போச்சு?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இயற்பியல் படித்தவள். அந்தப் பட்டப்படிப்பு முழுக்க என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவன் கேள்வியில் ஒரு முழுப் பாடமே இருந்தது.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் வருகிறார்கள். அன்றைக்குக் கணக்கு நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு வாரமும் மின்சாரம் பற்றியே பேசினோம். அந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்ட்' என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது! விளக்கு அணைந்தால் "கரண்ட் போச்சு." திரும்ப எரிந்தால் "வந்துருச்சு." அயர்ன் பாக்ஸ் "கரண்ட்டை இழுக்கும்." பணம் கட்டுவது "கரண்ட் பில்." ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் "கரண்ட் அடிச்சிருச்சு." இவற்றில் கடைசி ஒன்றுதான் இயற்பியல் சொல்லும் மின்னோட்டத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. மற்றதெல்லாம் மின் இணைப்பைச் சொல்கிறது, இல்லாவிட்டால் ஆற்றலைச் சொல்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளையின் மனதில் கரண்ட் என்பது எங்கிருந்தோ வந்து, பல்புக்குள் போய், எரிந்து தீர்ந்துபோகும் ஒரு பொருள். அடுப்புக்கு விறகு மாதிரி.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலேயே மின்சாரப் பாடம் தொடங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் 'மின்னூட்டமும் மின்னோட்டமும்' என்ற பெயரிலேயே ஓர் அலகு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஓம் விதிக் கணக்கு வந்துவிடும். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் மனதுக்குள் அந்த விறகு அப்படியே இருக்கும். பன்னிரண்டாவது முடித்த பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன்: "பல்புக்குள்ள போற கரண்ட் அதிகமா, வெளிய வர்ற கரண்ட் அதிகமா?" உள்ளே போவதுதான் அதிகம் என்றே பெரும்பாலும் பதில் வருகிறது.

அடுத்த நாள் சாயங்காலம் ஒரு சீப்பும் கிழித்த காகிதத் துண்டுகளும் எடுத்து வைத்தேன். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் சோதனைதான். பையன் ஒருவன் சீப்பை வாங்கித் தலையில் பரபரவென்று தேய்த்துக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவனுக்கும் நடக்கவில்லை. காரணம் அவர்கள் தலையில் மின்னிக்கொண்டிருந்தது: தேங்காய் எண்ணெய். தென்னந்தோப்பு ஊரில் எண்ணெய் வைக்காத தலையைத் தேட வேண்டும். காலையில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வந்திருந்த ஏழாம் வகுப்புப் பெண் கடைசியில் சீப்பை வாங்கினாள். நாலு இழுப்பு இழுத்துக் கொண்டுபோனதுமே காகிதத் துண்டுகள் துள்ளி எழுந்து சீப்பின் பல்லில் ஒட்டிக்கொண்டன.

நடந்தது இதுதான். எல்லாப் பொருளிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சம அளவில் இருக்கின்றன. அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான் நேர், சுற்றி இருக்கும் எலெக்ட்ரான் எதிர். தேய்க்கும்போது முடியில் இருந்த எலெக்ட்ரான்களில் கொஞ்சம் சீப்புக்கு மாறுகின்றன. சீப்பில் எதிர் மிகுகிறது, முடியில் நேர் மிகுகிறது. மின்னூட்டம் புதிதாக எதுவும் பிறக்கவில்லை. இங்கே இருந்தது அங்கே போயிருக்கிறது. மழைக்காலத்தில் இதே சோதனை சரியாக வராது. காற்றிலும் பொருள்களின் மேலும் ஈரம் அதிகம் என்பதால், ஏறிய மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். அதனால் பங்குனி, சித்திரைதான் இதற்கு நல்ல காலம்.

"அப்ப போனுக்குச் சார்ஜ் ஏத்துறமே, அதுவும் இதானாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். சார்ஜ் என்றாலும் மின்னூட்டம் என்றாலும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே ஏற்றம் என்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில்தான் நேர்மாறானது.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தச் 'சார்ஜ்' என்ற சொல் ஒரு பேரழிவோடு சேர்ந்து மனதில் பதிந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அது எங்கள் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் வந்து போனபோது, பல தலைமுறை வளர்த்த தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து கம்பிகள் வயலில் சுருண்டு கிடந்தன. பிற மாவட்டங்களில் இருந்தும் பக்கத்து மாநிலங்களில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். ஆனாலும் உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டுதான். ஊரே பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. அந்த ஜெனரேட்டரைச் சுற்றிக் கையில் போனோடு வரிசை நிற்கும். "ஒனக்கு எத்தனை ஏறிருக்கு?" என்பதுதான் பேச்சு. குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல் போனில் சார்ஜ் பிடித்தோம். அன்றைக்கு அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள்தான் இவர்கள்.

ஆனால் முழுதாக 'சார்ஜ்' ஏறிய பேட்டரியிலும் காலிப் பேட்டரியிலும் மொத்த மின்னூட்டம் ஒன்றே: சுழி. 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போனில் போட்டிருக்கிறதே, அதன் பொருள் 18,000 கூலூம் மின்னூட்டம் பேட்டரியின் ஒரு முனை வழியாக உள்ளே போய், அதே அளவு மறுமுனை வழியாக வெளியே வந்தது என்பதுதான். அந்தப் பயணத்தில் உள்ளே இருக்கும் லித்தியம் ஒரு தகட்டில் இருந்து மறு தகட்டுக்குத் தள்ளப்படுகிறது. சேமிப்பது ஆற்றல். சீப்பில் ஏறியதுதான் உண்மையான மின்னூட்டம், போனில் ஏறுவது ஆற்றல். இதைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பேரையே தப்பா வச்சிருக்கோம்" என்றாள். சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு டார்ச் செல், ஒரு குண்டு டார்ச் பல்பு, ஒரு முழம் ஒயர். இப்போது எல்லா டார்ச்சிலும் எல்இடி வந்துவிட்டதால் பழைய குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. மூன்று எலெக்ட்ரிக்கல் கடை ஏறி இறங்கித்தான் வாங்கினேன். இந்தப் பாடத்துக்கு அந்தப் பல்புதான் வேண்டும். எல்இடி 1.5 வோல்ட்டில் எரியாது, திசை மாற்றி வைத்தாலும் எரியாது.

"எரிய வைங்க" என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் முதலில் செல்லின் மேல்மூக்கில் ஒயரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைப் பல்பின் அடிப்புள்ளியில் வைத்தார்கள். எரியவில்லை. பல்பை நேரே செல்லின் தலையில் உட்கார வைத்தார்கள். எரியவில்லை. "பல்பு பீஸ்க்கா" என்றான் ஒருவன். இருபது நிமிடம் போயிற்று. அதுவரை ஓரமாக இருந்த ஒரு பையன், பல்பைச் செல்லின் தலையில் வைத்து, ஒயரின் ஒரு முனையைச் செல்லின் அடியில் அழுத்தி, மறுமுனையைப் பல்பின் பக்கவாட்டுத் தகரத்தில் தொட்டான். எரிந்தது. அவன் முகம் பல்பைவிட அதிகமாக எரிந்தது.

பல்புக்கு இரண்டு வாசல் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று அடிப்புள்ளி, ஒன்று பக்கவாட்டுத் தகரம். உள்ளே இருக்கும் மெல்லிய இழை இந்த இரண்டையும் இணைக்கிறது. செல்லில் கிளம்பி, பல்பைக் கடந்து, செல்லுக்கே திரும்பும் வழி முழுசாக இருந்தால்தான் எரியும். மின்சுற்று என்ற சொல்லில் 'சுற்று' இருப்பது இதனால்தான்.

"தெருக் கம்பத்துல இருந்து வீட்டுக்கு ஏன் ரெண்டு கம்பி வருது?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் உடனே சொன்னான்: "ரெண்டு பக்கத்துல இருந்தும் கரண்ட்டு வந்து பல்புல முட்டிக்கும்க்கா. அதான் வெளிச்சம்." உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படி நினைப்பதாக அறிவியல் கல்வி ஆய்வுகளில் படித்திருக்கிறேன். எங்கள் திண்ணையிலும் அதே விடை வந்தது. தப்பான விடைதான். ஆனால் இரண்டு கம்பி ஏன் என்பதற்குத் தானாக யோசித்துச் சொன்ன விடை. அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

அதைத் தீர்க்க மல்டிமீட்டரை எடுத்தேன். பல்புக்கு முன்னால் ஒரு முறை, பல்புக்குப் பின்னால் ஒரு முறை அளக்கப் போகிறோம் என்றேன். அளப்பதற்கு முன் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும்: பின்னால் குறையுமா, கூடுமா, அதேதானா? ஒன்பது பேர் குறையும் என்று எழுதினார்கள். முன்னால் 0.21 ஆம்பியர். மீட்டரைப் பின்னால் மாற்றினோம். 0.21. நம்பாமல் மறுபடி மாற்றி மாற்றி நாலு முறை பார்த்தார்கள். செல்லைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்ததே தவிர எண் மாறவில்லை. பல்பு மின்னோட்டத்தில் ஒரு துளியைக்கூடத் தின்பதில்லை.

"அப்ப செல்லு ஏன்க்கா தீருது?" அடுத்த கேள்வி வந்துவிட்டது.

புத்தகங்களில் இதற்குத் தண்ணீர்க் குழாயை உவமை சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அது சரிப்படாது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் தினமும் பார்க்கும் மோட்டார், ஆழ்குழாய்க் கிணற்றில் இருந்து தண்ணீரை இழுத்துத் தென்னம்பாத்தியில் விடுகிறது. அது மண்ணில் ஊறிக் காணாமல் போகிறது. கிணற்றுக்குத் திரும்பி வருவதை யாரும் பார்த்ததில்லை. தண்ணீரைச் சொன்னால் 'வந்தது தீர்ந்துபோகும்' என்ற அந்தப் பழைய எண்ணம்தான் வலுப்படும்.

அதனால் கயிற்றை எடுத்தோம். மாடு கட்டும் நைலான் கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து ஒரு பெரிய வளையம் ஆக்கினோம். பிள்ளைகள் வட்டமாக நின்று, விரல்களை வளைத்துக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் கயிற்றை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். நான்தான் செல். எதிரே நின்ற பெண்ணிடம் மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அவள்தான் பல்பு. பத்து நொடியில் "சுடுதுக்கா!" என்று கையை உதறினாள்.

எல்லாம் அந்தக் கயிற்றில் இருந்தது. அவள் கைக்குள் எவ்வளவு கயிறு போனதோ அவ்வளவும் வெளியே வந்தது. கயிறு தீரவில்லை. தீர்ந்தது என் கையின் பலம். அது அவள் கையில் சூடாக வெளிப்பட்டது. நான் இழுத்த அதே நொடியில் வளையம் முழுவதும் நகர்ந்தது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தால் கயிறு எல்லா இடத்திலும் மெதுவாகிறது, அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி. இதில் கயிறு மின்னூட்டம், நகர்வது மின்னோட்டம், இழுப்பு மின்னழுத்த வேறுபாடு, பிடி மின்தடை. ஊட்டம், ஓட்டம், அழுத்தம், தடை என்று நம் கலைச்சொற்கள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன! கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னால் ஒரு சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஓர் ஆம்பியர் என்றால் நொடிக்கு ஒரு கூலூம், அதாவது 62.5 லட்சத்தை ஒரு லட்சம் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் எலெக்ட்ரான்கள் கடந்துபோவது. இத்தனை கூட்டமாக இருந்தாலும் அவை ஊர்ந்துதான் போகின்றன. எலெக்ட்ரீஷியன் 'ஒன் ஸ்கொயர்' என்று சொல்லும் செம்பு ஒயரில் ஓர் ஆம்பியர் ஒரே திசையில் ஓடினால், ஓர் எலெக்ட்ரான் சராசரியாக ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் பல்பு எரிகிறது. காரணம் கயிறு ஏற்கெனவே வளையம் முழுக்க இருக்கிறது. ஒயரில் எலெக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன. இழுப்புதான் வேகமாகப் பரவுகிறது.

வீட்டு மின்சாரத்தில் இதைவிட வியப்பு உண்டு. அது மாறுமின்னோட்டம், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே அசைகின்றன. நெய்வேலியில் கிளம்பிய எலெக்ட்ரான் ஒன்றுகூட எங்கள் ஊருக்கு வருவதில்லை. 11,000 வோல்ட் லைனை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் எங்கள் ஊர் ட்ரான்ஸ்பார்மரில், உள்ளே வரும் சுருளுக்கும் வெளியே போகும் சுருளுக்கும் ஒயர்த் தொடர்பே கிடையாது. காந்தப் புலம் வழியாக ஆற்றல் மட்டும் தாண்டுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து கணக்கெடுக்கும் மீட்டரும் ஆற்றலைத்தான் எண்ணுகிறது. ஒரு யூனிட் என்றால் 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் ஆற்றல். 9 வாட் எல்இடி பல்பை 111 மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட்.

தொடர் இணைப்பைச் சொல்லித்தர எனக்கு உதவியது கோயில் திருவிழா. பூச்சொரிதலுக்குப் பந்தல் முழுக்கக் கட்டுவார்களே, அந்தச் சீரியல் செட்டின் பெயரிலேயே பாடம் இருக்கிறது. பழைய செட்டில் 6 வோல்ட் குண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 230 வோல்ட்டை அத்தனைக்கும் பங்கு போட்டார்கள். சுமார் 38 பல்பு இருந்தால் ஆளுக்கு 6 வோல்ட் வந்துவிடும். ஒன்று பீஸ் போனால் சரமே இருண்டுவிடும். வீட்டில் அப்படி நடப்பதில்லை. சமையலறை பல்பு போனாலும் திண்ணை விளக்கு எரிகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் தனித்தனியாகக் கிடைக்கும்படி பக்க இணைப்பில் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பல்பை வைத்து இரண்டையும் செய்து பார்த்தார்கள். தொடரில் மங்கல், பக்கத்தில் பிரகாசம்.

இந்தப் பாடம் உயிர் காக்கும் பாடமும்கூட. கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால் அவற்றுக்கிடையே அழுத்த வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். விராலிமலைப் பக்கம் அதிகம் இருக்கும் மயிலுக்கு இறகு பெரிது. அது விரிந்து இரண்டு கம்பியைத் தொட்டுவிட்டால் சுற்று மூடிவிடும். மனிதன் தரையில் நின்று ஒரு கம்பியைத் தொட்டாலே போதும், மண் வழியாகச் சுற்று மூடிவிடும். மோட்டார் கொட்டகையில் எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது எதற்கு என்று கேட்டால், "எர்த்து நல்லா இருக்கணும்ல" என்றுதான் பெரியவர்களும் சொல்வார்கள். மோட்டாரின் உலோக உடம்பில் கசிவு வந்தால் அது நம் உடம்பு வழியாக இறங்காமல், தடை குறைந்த அந்த வழியில் இறங்கி பீஸைத் துண்டிக்க வேண்டும், அதற்குத்தான். காய்ந்த மண் தடை கூடிய மண். கோடையில் அந்தக் குழியை மறந்துவிடக் கூடாது. கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப்பர் ஒன்றையும் வீட்டில் மாட்டிவிடுங்கள்.

அந்தப் பையனுக்குக் கடைசியில் என்ன பதில் சொன்னேன்? நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி விளக்கு அணைந்தபோது யாரோ "கரண்ட் போச்சு" என்றதும், அவனே சொன்னான்: "எங்கயும் போகல. இழுக்குறத நிறுத்திட்டாங்க. கயிறு இங்கதான் கெடக்கு."

படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு டார்ச் செல்லும் ஒரு குண்டு பல்பும் ஒரு முழம் ஒயரும் வாங்கிக் கொடுங்கள். சுவரில் இருக்கும் பிளக் பக்கம் இந்த ஒயர் எந்நாளும் போகக் கூடாது என்று முதலில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பல்பு எரியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.